ரெட்டையா என்று கேட்டவர்களுக்கு

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க"
என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண்.
பிடித்தேன்.
திரையில் புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள்,
எண் எழுதினாள், இன்னொரு கோடு இழுத்தாள்,
பிறகுதான் என் முகத்தைப் பார்த்துப் பதறினாள்:
"விடுங்கம்மா, விட்டுருங்க!"
கடலடியில் பாசி பறிக்கிறவளிடம்
மூச்சைப் பிடிக்கச் சொன்னால்
எதுவரை என்றும் சொல்ல வேண்டும்.

கட்டி ஆறு சென்டிமீட்டர்.
பிள்ளை ஒன்றரை.

வாசலை ஒட்டி, கீழே, முன்பக்கமாக
உட்கார்ந்திருக்கிறதாம்.
நார்க்கட்டி. புற்று இல்லை.
"நிறையப் பேருக்கு இருக்கும்,
பாதிப் பேருக்குத் தெரியாமலே
பெத்து எடுத்துட்டுப் போயிருவாங்க.
உங்களுக்கு இருக்கிற இடம்தான் சரியில்லை"
என்றார் டாக்டர் மெஹர்பானு.

இடம் சரியில்லை என்றால் எனக்குப் புரியும்.
குருசடைப் பக்கம் ஒரு பார் கிடக்கிறது.
நீர் ஏறியிருந்தால் எந்த வள்ளமும் மேலே போகும்.
வற்றத்தில் அதே வள்ளம்
அடி கிழிந்து வரும்.
கல் அதே கல்தான்.

முந்தினது மூன்றாம் மாதம் போனது.
படகிலேயே.
சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு கரை வந்தேன்,
என் மூட்டையையும் அவர்களே இறக்கினார்கள்.
அதற்கும் இதுதானா காரணம் என்று கேட்டேன்.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."
தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.
பாம்பன் வரும்வரை பஸ்ஸில் தூங்கினேன்.

சின்னப்பாலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது:
உப்புத் தண்ணியில் ஊறினால் வேறென்ன வரும்,
முப்பத்தாறு வயசில் எதற்கு.
ஐந்தாம் மாதமே எட்டு மாத வயிறு.
குழாயடியில், "ரெட்டையா ஜெனிட்டா?"
ஆமாம் என்றேன்.
ஒன்றுக்குப் பெயர் வைத்தால் போதும்.

வைகாசி. தடைக்காலம்.
விசைப்படகுகள் கட்டிக் கிடந்த ஒரு நடுச்சாமத்தில்
அடிவயிற்றில் திருக்கை வால் அடித்தது.
"பிள்ளைக்கு ஒண்ணுமில்லை" என்றாள் நர்ஸ்.
"கட்டி மளமளன்னு வளந்துருச்சு,
அதுக்கு ரத்தம் பத்தலை.
உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு,
அதான் இந்த வலி."
நான்கு நாள் குளுக்கோஸ்.
மூன்றாம் இரவு அதன்மேல் பாவமாக இருந்தது.
இதை இன்னாசியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆவணியில் தலை மேலே, விலாவுக்கு அடியில்.
கீழே இறங்க வழியில்லை.
"ஆபரேஷன்தான். ரத்தத்துக்கு ஆள் வேணும்."
கச்சான் பலமாக அடித்து
டோக்கன் நிறுத்தியிருந்தார்கள்,
அதனால்தான் இன்னாசியின் படகாட்கள்
நான்கு பேரும் கரையில் இருந்தார்கள்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் கேட்டேன்:
"அதையும் எடுத்துருங்களேன்."
"இப்பத் தொட்டா ரத்தம் நிக்காதும்மா."
தொடாமலே நிற்கவில்லை.

பிள்ளை அழுதது. இரண்டு கிலோ நூறு.
அப்புறம் அந்த அறையில் பேச்சு நின்றது.
பை சுருங்க வேண்டும், சுருங்கவில்லை,
யாரோ வயிற்றில் முழுக்கை ஊன்றினார்கள்,
ஊசி, இன்னொரு ஊசி.
யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்தேன்.
அடியில் இருக்கும்போது எண்ணுவேன்,
இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.
அன்று எண்ணவில்லை.

மேலே வந்தபோது
ஆல்வினின் ரத்தம்
சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
சீட்டாடினால் ஏமாற்றுகிற ஆல்வின்.

கட்டி இன்னும் இருக்கிறது.
சுருங்கி நாலு சென்டிமீட்டர்.
ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்லினுக்குப் பிறந்தபோது
இடது பாதம் லேசாக உள்ளே மடங்கியிருந்தது.
உட்கார்ந்த வாக்கில் அத்தனை மாதமும்
அதன்மேல்தான் காலை வைத்திருந்தாளாம்.
தேங்காய் எண்ணெய் தொட்டு
நீவச் சொன்னார்கள். நேராகிவிட்டது.
இருந்தும் ராத்திரியில்
விரல் தானாக அங்கே போகிறது,
அவள் உதைக்கும்வரை நீவுகிறேன்.